வராமல் போன தோல் மூட்டை

அத்தியாயம் 4

மார்ச் மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்கு நிலைமை பின்வருமாறு இருந்தது. அக்காளும் தங்கையும் கூட்டாக நடத்திவந்த சாக்லேட் பட்டறையின் டார்க் சாக்லேட்டில், அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் இரு மடங்கு ஈயம் இருப்பதாக ஆய்வுக்கூடம் அறிக்கை அனுப்பியிருந்தது. அதே பட்டறையின் பால் சாக்லேட்டில் குறை எதுவும் இல்லை. கடைகளுக்குச் சென்ற டார்க் சாக்லேட் முழுவதும் திரும்பப் பெறப்பட்டு, பின்னறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. கொக்கோக் கொட்டை கொள்முதலைக் கவனித்துவந்த தங்கையின் கணவர்மேல் அக்காள் பழி சுமத்தியிருந்தார். மாலை ஐந்து மணிக்கு வக்கீல் வருவார்; கூட்டு கலைக்கப்படும்; தங்கையின் கணவர் வெளியேறுவார்; அவரோடு தங்கையும் வெளியேறுவார். அதற்கான ஆதாரத்தை எழுதித் தருமாறுதான் அக்காள் அண்ணியை அழைத்திருந்தார்.

அண்ணி என்பது காரணப்பெயர். உணவுப் பாதுகாப்புத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி, மேலதிகாரி ஒருவரிடம் முகத்துக்கு நேரே உண்மையைப் பேசிவிட்டு வெளியே வந்தவர் அவர். சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, கணவரின் தம்பியை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அவன் அண்ணி, அண்ணி என்று அழைப்பதைக் கேட்டுக் கேட்டு, வாடிக்கையாளர்களும் காவலர்களும், ஏன், பிடிபட்டவர்களும்கூட அவரை அவ்வாறே அழைக்கலாயினர். கொழுந்தனுக்குச் சோடா என்று பெயர். அவனுடைய மூக்குக் கண்ணாடியின் தடிமனைப் பார்த்தவர்கள் வேறு விளக்கம் கேட்டதில்லை.

பட்டறையின் அலுவலக அறை ஓர் ஒழுங்கின் கோயில். தொலைபேசிக்கு ஊதா நிறத்தில் வெள்ளைப் புள்ளியிட்ட துணியுறை. கணக்கிடும் கருவிக்கு அதே துணியில் ஓர் உறை. தாள் குத்தும் கருவிக்கும் தண்ணீர்க் குவளைக்கும் மேசை விளக்குக்கும் உறை. ஒவ்வோர் உறையின் ஓரத்திலும் விரல் அகலத்துக்குச் சுருக்கம் வைத்துத் தைக்கப்பட்டிருந்தது.

"அண்ணி, இந்த ரூம்ல அஞ்சு நிமிஷம் அசையாம நின்னா எனக்கும் ஒரு உறை தைச்சு மாட்டிடுவாங்க போலிருக்கு," என்று சோடா தாழ்ந்த குரலில் சொன்னான்.

"வாய்க்கு மட்டும் தைச்சாப் போதும். பேசாம வா."

பட்டறையில் எல்லாராலும் பெரியக்கா என்று அழைக்கப்பட்ட அக்காள், நாற்காலியின் நுனியில் நிமிர்ந்து அமர்ந்திருந்தார். எதிரே நின்ற தங்கையின் கண்கள் சிவந்திருந்தன.

"எனக்குச் சந்தேகமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்று பெரியக்கா தொடங்கினார். "மாப்பிள்ளைதான். எங்கயோ மட்டமான கொட்டையை வாங்கி நம்ம தலையில கட்டிட்டார். இல்லாட்டி கறுப்புத் தூளைக் கலந்திருக்கார். நீங்க அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா வக்கீல்கிட்ட காட்டிடுவேன்."

"தீர்ப்பை நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் நான் எதுக்கு? டீ குடிக்கவா?"

"டீன்னா எனக்குச் சக்கரை கொஞ்சம் தூக்கலா," என்றான் சோடா.

தங்கை வாய் திறந்தார். "அக்கா, அவர் அப்படிச் செய்யறவர் இல்ல. பத்து வருஷமா உங்க முன்னாடி உட்காரக்கூட மாட்டேங்கறார்."

"நின்னுக்கிட்டே செஞ்சிருப்பார்," என்றார் பெரியக்கா.

"டார்க் சாக்லேட் வேலையில யார் யார் கை படும்?" என்று அண்ணி கேட்டார்.

"என் கை மட்டும்தான். வறுத்த கொட்டையைத் தூத்தறதுலேருந்து அச்சுல ஊத்தற வரைக்கும் நான்தான். பால் சாக்லேட்டை இவ பார்த்துக்குவா. டார்க்ல வேற யாரையும் நான் நம்பறதில்ல. அதனாலதான் சொல்றேன், தப்பு கொட்டையிலதான் வந்திருக்கணும்."

அண்ணி ஆய்வறிக்கையைப் படித்தார். சோடா அதற்குள் மேசைமேல் சான்றாக வைத்திருந்த டார்க் சாக்லேட்டில் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"டேய்! அதுலதான் ஈயம் இருக்குன்னு எழுதியிருக்கு!"

"ஒரு துண்டுல என்ன அண்ணி ஆயிடும்?"

"ஒரு துண்டுல ஒண்ணும் ஆகாது. தினமும் தின்னாத்தான் உடம்புல சேரும். குழந்தைங்க தின்னா இன்னும் மோசம். நீ எந்தக் கணக்குல வர்றேன்னுதான் எனக்குத் தெரியல."

"ருசி பிரமாதம். ஆனா நாக்குல லேசா உப்புத்தாள் தேய்ச்ச மாதிரி இருக்கு."

அண்ணி அவனை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு அறிக்கையை மேசைமேல் விரித்து வைத்தார்.

"பெரியக்கா, இதுல மூணு விஷயம் இருக்கு. ஈயம் ஏறியிருக்கு. காட்மியம் போன தடவை இருந்த அதே அளவுலதான் இருக்கு. ஃபிளவனாலும் குறையல."

"எனக்குப் புரியற மாதிரி," என்றான் சோடா.

"காட்மியம் மண்ணுல இருக்கற உலோகம். மரம் அதை வேர் வழியா உறிஞ்சிக் கொட்டைக்குள்ள சேத்து வைக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் அளவு மாறும். வேற இடத்துக் கொட்டைன்னா இந்த எண்ணும் மாறியிருக்கணும்."

"அதாவது கொட்டையோட பிறப்புச் சான்றிதழ்."

"அப்படியே வச்சுக்க. ஃபிளவனால்ங்கறது சாக்லேட் உடம்புக்கு நல்லதுன்னு சொல்றாங்களே, அந்தச் சமாச்சாரம். கசப்புல பாதி அதோட வேலை. ரசாயனம் போட்டுக் கறுப்பாக்கின தூளைக் கலந்திருந்தா அது அடிவாங்கியிருக்கும். வாங்கல. ஆக, மாப்பிள்ளை கொட்டையை மாத்தவும் இல்ல, எதையும் கலக்கவும் இல்ல. நீங்க வழக்கமா வாங்கற அதே தோட்டத்து நல்ல கொட்டைதான்."

தங்கை முதன்முறையாக நாற்காலியில் அமர்ந்தார். பெரியக்காவின் உதடுகள் இறுகின.

"அப்போ ஈயம் ஆகாசத்துலேருந்து குதிச்சுதா?"

"கிட்டத்தட்ட," என்றார் அண்ணி. "ஈயம் பெரும்பாலும் வேர் வழியா வராது. கொட்டையைப் பறிச்சுக் காயவைக்கும்போது தூசியா வந்து மேல உட்காரும். நீங்க கொட்டையை எங்க காயவைக்கிறீங்க?"

"காயவைக்கறதா? எங்களுக்குக் காய்ஞ்ச கொட்டைதான் வருது. இந்தக் கூரைக்குக் கீழ யாரும் எதையும் காயவைக்கறதில்ல."

"கூரைக்குக் கீழ சரி. கூரை இல்லாத இடத்துல?"

பின்கட்டு முற்றம் நான்கு பக்கமும் சுவர் எழுப்பிய சிமென்டுத் தரை. மேற்குச் சுவருக்கு அப்பால் ஏதோ இரும்பைச் சுரண்டும் ஓசை இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணி வாசற்படியைத் தாண்டாமல் நின்று தரையைப் பார்த்தார்.

"என்ன தெரியுது?"

"தூசி," என்றான் சோடா. "லேசான பச்சை நிறத் தூசி. எங்க அம்மா பார்த்தா மயக்கம் போட்டு விழுந்திடுவாங்க."

"எங்க தூசி இல்ல?"

சோடா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான். முற்றத்தின் நடுவில் ஒரு கட்டில் அளவுக்கு நீள்சதுரமான இடம் மட்டும் துடைத்துவிட்டாற்போல் பளிச்சென்றிருந்தது. அதன் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு செங்கல்.

"யாரோ அந்த இடத்தை மட்டும் பெருக்கியிருக்காங்க?"

"பெருக்கறவங்க மூலை பார்த்துச் சதுரமா பெருக்குவாங்களா? அங்க ஒரு பாய் விரிச்சிருந்தது. பாய் பறக்காம இருக்க நாலு செங்கல். தரைக்கு வர வேண்டிய தூசியைப் பாய் வாங்கிக்கிச்சு. பாய்மேல என்ன இருந்துச்சோ, அது வாங்கிக்கிச்சு."

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார். உயரமான, ஒல்லியான ஒரு மனிதர் கதவோரமாக நின்றிருந்தார். தம்முடைய உயரத்துக்காகக்கூட மன்னிப்புக் கேட்பவரைப்போல் சற்றே குனிந்திருந்தார். அவர்தான் தங்கையின் கணவர்.

"கொட்டைதாங்க இருந்துச்சு," என்றார் அவர். "இந்தத் தடவை லோடு கொஞ்சம் ஈரமா வந்திடுச்சு. திருப்பி அனுப்பினா அக்கா பேசுவாங்க. அனுப்பாட்டியும் பேசுவாங்க. அவங்க மதியம் சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் கண்ணசருவாங்க. அந்த நேரத்துல இங்க விரிச்சுக் காயவச்சு, அவங்க எழுந்திரிக்கறதுக்குள்ள அள்ளிடுவேன். பாய் அங்கேயே கிடக்கும்; இன்னிக்குக் காலையிலதான் சுருட்டி எடுத்தேன்."

"எத்தனை நாளா?"

"லோடு முழுசும் காயற வரைக்கும். ரெண்டு மாசம் இருக்கும்."

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" என்று பெரியக்காவின் குரல் உயர்ந்தது. "என் முதுகுக்குப் பின்னாடி!"

"முன்னாடி செஞ்சா நீங்க விட்டிருக்க மாட்டீங்களேக்கா," என்றார் மாப்பிள்ளை. அவர் அன்று பேசியவற்றுள் மிகத் துணிச்சலான வாக்கியம் அதுவே.

சோடா செங்கற்களை அடுக்கி ஏறி, மேற்குச் சுவருக்குமேல் தலையை நீட்டினான். அங்கே வெல்டிங்காரர் ஒருவர், யானை நுழையும் அளவுக்கு அகலமான பழைய இரும்புக் கதவு ஒன்றைக் கிடத்திவைத்துப் பச்சை வண்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நல்ல பழைய கேட்டா இருக்கே?"

"இடிச்ச பங்களாவோடது தம்பி. என் தாத்தா காலத்து பெயின்டு. ஒண்ணுமேல ஒண்ணா அப்பி வச்சிருக்கானுங்க. சுரண்டச் சுரண்ட வந்துக்கிட்டே இருக்கு. இதோட நாலு கேட்டு."

"முகத்துல துணி கட்டிக்கிட்டுச் செய்ங்கண்ணே. அந்தக் காலத்துப் பெயின்டுல ஈயம் இருக்கும்."

"அட, நெசமாவா?" என்று அவர் சுரண்டுவதை நிறுத்திவிட்டுத் தம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

அண்ணி கைப்பையிலிருந்து சோதனைக் குச்சி ஒன்றை எடுத்து, ஈரப்படுத்தித் தரைத் தூசியில் தேய்த்தார். ஈயம் இருந்தால் சிவக்கும் குச்சி அது. சற்று நேரத்தில் வெற்றிலை போட்ட வாய்போல் சிவந்தது.

"ஆச்சு," என்று கைகளைத் தட்டிக்கொண்டார் பெரியக்கா. "குற்றவாளி கிடைச்சாச்சு. திருட்டு இல்லாட்டி திருட்டுத்தனம். ரெண்டுக்கும் ஒரே வாசல்தான். வக்கீல் வரட்டும்."

மாப்பிள்ளை இன்னும் சற்றுக் குனிந்தார். தங்கை மட்டும் கணவர் அருகில் போய் நின்றுகொண்டார். அந்த ஓரடி நகர்வில் பட்டறை இரண்டாகப் பிரிந்துவிட்டதைப் பெரியக்காவும் கண்டார். கண்டும் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

"அண்ணி," என்று சோடா காதோரமாகச் சொன்னான், "இது நமக்குப் பிடிக்காத முடிவு. ஆனா முடிவு மாதிரிதான் தெரியுது."

"பாதி முடிவுடா. பால் சாக்லேட்டும் இதே கொட்டைதானே?"

"ஆமா," என்றார் தங்கை. "ஒரே மூட்டைதான்."

"அதுல கொக்கோ கம்மி. அதனால ஈயமும் கம்மியா ஏறியிருக்கணும். ஆனா ஏறவே இல்லயே! தூசி கொட்டையோட தோல்மேலதான் உட்காரும். தோலைத்தான் காத்துல ஊதித் தள்ளிடறீங்களே. தோல் போனா தூசியும் அதோட போயிடும். பால் சாக்லேட்டுல அப்படித்தான் போயிருக்கு. டார்க்ல மட்டும் ஏன் போகல?"

யாரும் விடை சொல்வதற்குள் முன்வாசலில் ஒரு குரல் எழுந்தது. அழைப்புமணியை அழுத்தும் வழக்கம் அந்தக் குரலுக்கு உரியவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"யாருங்க வீட்ல? எங்க என் தோல் மூட்டை?"

தெருக்கோடியில் பூச்செடிகள் விற்கும் பெண்மணி, இரண்டு காலிச் சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே பின்கட்டுக்கு வந்துவிட்டார். கொக்கோத் தோலைத் தொட்டி மண்மேல் பரப்பினால் ஈரம் காக்கும் என்பதால், வாரந்தோறும் இங்கிருந்து எடுத்துச் செல்வது அவர் வழக்கம்.

"ரெண்டு மாசமா பார்க்கறேன். முன்னாடியெல்லாம் வாரத்துக்கு மூணு மூட்டை குடுப்பீங்க. இப்போ ரெண்டுதான் வருது. மீதியை எவகிட்ட விக்கறீங்க? சொல்லுங்க, நானே போய் அவகிட்ட பேசிக்கறேன்."

"யாருக்கும் விக்கலம்மா," என்றார் தங்கை திகைப்புடன். "கொட்டை வழக்கம்போலத்தான் அரைக்கறோம்."

"அப்போ மீதித் தோலை நீங்களே தின்னுட்டீங்களா?"

அண்ணியின் முகத்தில் அன்று முதன்முறையாகப் புன்னகை தோன்றியது. "உட்காருங்கம்மா. இந்தக் கேள்வியை என்னைவிட நல்லா கேட்டுட்டீங்க."

சோடா மெல்லத் தன் நாக்கை விரலால் தொட்டுப் பார்த்தான். "உப்புத்தாள்," என்றான். "ஐயோ அண்ணி, நான்தான் தின்னுட்டேன்!"

தூற்றும் இயந்திரம் பட்டறையின் கடைசி அறையில் இருந்தது. உடைத்த கொட்டையை மேலிருந்து கொட்டினால், பக்கவாட்டில் வீசும் காற்று இலேசான தோலைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கனமான பருப்பு கீழே விழும். இயந்திரத்துக்கும் ஓர் ஊதா உறை போட்டிருந்ததைக் கூற வேண்டியதில்லை.

"கடைசியா இதுல என்ன ஓட்டினீங்க?"

"டார்க்தான்," என்றார் பெரியக்கா. அவர் குரல் சற்றே இறங்கியிருந்தது. "ரிப்போர்ட் வந்ததும் நிறுத்திட்டோம். அதை ஏன் இப்போ கழட்டறீங்க? அது நல்லாத்தானே ஓடுது."

சோடா உறையைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை இயக்கினான். பிறகு கைநிறையத் தோலை அள்ளி மேலிருந்து தூவினான். பாதித் தோல் பறந்தது. மீதிப் பாதி சோம்பலுடன் கீழே வந்து, பருப்பு விழ வேண்டிய தட்டில் அமர்ந்துகொண்டது.

"காத்துக்கு மூச்சு முட்டுது," என்றான்.

இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, அண்ணி குனிந்து காற்று நுழையும் துவாரத்துக்குள் கையை விட்டார். துவாரத்தின் மூடி, முழுவதும் திறக்க முடியாதபடி ஓர் ஆப்பினால் தடுக்கப்பட்டிருந்தது. அவர் அதைப் பிடுங்கி எடுத்து, எல்லாரும் காணும்படி உள்ளங்கையில் வைத்தார்.

கட்டைவிரல் நீளமுள்ள மரத்துண்டு அது. ஊதா நிறத்தில் வெள்ளைப் புள்ளியிட்ட துணியில் அதற்கு ஓர் உறை தைக்கப்பட்டிருந்தது. உறையின் ஓரத்தில், அந்தச் சிற்றளவுக்கு ஏற்பச் சிறியதாக, சுருக்கமும் வைக்கப்பட்டிருந்தது.

எல்லாருடைய பார்வையும் ஒரே திசைக்குத் திரும்பியது.

"மரச்சிராய் உதிர்ந்து சாக்லேட்டுல விழுந்திடக் கூடாதேன்னுதான்..." என்று தொடங்கிய பெரியக்கா, வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். அவர் வாக்கியத்தை முடிக்காமல் விட்டதை அந்தப் பட்டறை அதற்கு முன் கண்டதில்லை.

"சொல்லுங்க பெரியக்கா," என்றார் அண்ணி மென்மையாக.

"ஒரு டாக்டர் பேசினதைக் கேட்டேன். டார்க் சாக்லேட் இதயத்துக்கு நல்லது, தோல்லயும் சத்து இருக்கு, நார் இருக்குன்னார். நாம சத்தையெல்லாம் பூந்தொட்டியில கொட்டறோமேன்னு மனசு கேக்கல. டார்க் ஓட்டும்போது மட்டும் ஆப்பு வச்சுட்டு, பால் சாக்லேட்டுக்கு எடுத்துடுவேன். வாங்கறவங்களுக்கு நல்லதுதானே செய்யறோம்னு நினைச்சேன். தப்பு எதுவும் செய்யலம்மா நான்."

"யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா ஆளுக்கு ஒரு யோசனை சொல்வாங்க. எனக்குப் பிடிக்காது."

அண்ணி மேசைமேல் இருந்த தராசைக் காட்டினார். "இதுக்கு எதுக்கு உறை போட்டிருக்கீங்க?"

"தூசி படியாம இருக்கத்தான்."

"அப்போ தூசி எங்க படியும்?"

"உறைமேல."

"எடை போடும்போது உறையோடவா போடுவீங்க?"

"சேச்சே. கழட்டிட்டுத்தான்." சொல்லி முடித்ததும் பெரியக்காவின் கை வாயருகே சென்றது.

"கொட்டைக்குத் தோல்தான் உறை பெரியக்கா. நல்ல சமாச்சாரமெல்லாம் பெரும்பாலும் உள்ளே இருக்கற பருப்புலதான் இருக்கு. தோலோட வேலை வெளியிலேருந்து வர்ற அழுக்கைத் தாங்கிக்கறது. அது தன் வேலையை ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு. நீங்க உறையோட சேத்து அரைச்சுட்டீங்க."

"மாப்பிள்ளை தூசியைக் கொண்டுவந்தார், அக்கா அதைப் போக விடாமப் பிடிச்சு வச்சாங்க," என்றான் சோடா. "ரெண்டுல ஒண்ணு நடந்திருந்தாக்கூட ஒரு வம்பும் வந்திருக்காது. இந்தக் குடும்பத்துல ஒத்துமை இல்லன்னு யார் சொன்னது?"

தங்கைதான் முதலில் சிரித்தார். அழுதுகொண்டிருந்தவர் சிரித்ததால் அது தும்மலைப்போல் வெடித்து வந்தது. பூச்செடிக்காரப் பெண்மணி காரணம் முழுவதும் விளங்காமலேயே உடன் சிரித்தார். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அவர் அக்காளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஈரமா வந்த லோடை என்கிட்ட சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை," என்றார் பெரியக்கா.

"சொல்லியிருக்கணும்க்கா. தப்புதான்."

"நான்தான் சொல்ற மாதிரி இருந்திருக்கணும்," என்றார் பெரியக்கா. பிறகு, இவ்வளவு சொன்னதே அதிகம் என்பதுபோல், "நிக்காதீங்க, உட்காருங்க. கழுத்து வலிக்குது எனக்கு," என்று ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். மாப்பிள்ளை அதில் அமர்ந்தார்.

வக்கீல் ஐந்து மணிக்கு வந்தார். அவருக்குப் பால் சாக்லேட் கொடுத்துத் திருப்பி அனுப்பிவைத்தார்கள்.

அன்று மாலை இறுதியாகத் தீர்மானிக்கப்பட்டது இதுதான். கூட்டு முன்போலவே தொடரும். மாப்பிள்ளை கொள்முதலில் நீடிப்பார். ஈரமான லோடு வந்தால் அன்றே அக்காளிடம் சொல்ல வேண்டும், அக்காள் முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். பின்னறையில் இருந்த டார்க் சாக்லேட் முழுவதும் அழிக்கப்படும். அதை வாங்கித் தின்றவர்களுக்குக் கடைகளின் வாயிலாக உண்மை அறிவிக்கப்படும். மீதமிருந்த கொட்டையின் தோல் எவருடைய பூந்தொட்டிக்கும் போகாது; அடுத்த லோடிலிருந்து பூச்செடிக்காரப் பெண்மணிக்கு வழக்கம்போல் மூன்று மூட்டைகள் உண்டு. முற்றத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைப்பார்கள். இனி எதையும் அங்கே காயவைப்பதில்லை. வெல்டிங்காரர் முகத்துணி கட்டிக்கொள்வார். சுரண்டும் கதவுகளை ஈரம் தெளித்து, தார்ப்பாய்க்குள் வைத்துச் சுரண்டுவார். தூற்றும் இயந்திரத்தில் கைவைக்கும் உரிமை இனித் தங்கைக்கும் உண்டு. புதிய டார்க் சாக்லேட் மறுபடியும் ஆய்வுக்கூடத்துக்குப் போய், நல்ல அறிக்கை வந்த பிறகே கடைக்குப் போகும்.

ஆப்பு, சான்றுப் பொருளாக அண்ணியிடம் ஒப்படைக்கப்பட்டது. உறையைத் துவைத்துத் திருப்பி அனுப்புமாறு பெரியக்கா கேட்டுக்கொண்டார். மறுவாரம் மாப்பிள்ளையின் தலைக்கவசத்துக்கு ஊதா நிறத்தில் வெள்ளைப் புள்ளியிட்ட உறை ஒன்று, ஓரத்தில் சுருக்கத்துடன், வாசலில் மாட்டியிருந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் அதை எடுத்து மாட்டிக்கொண்டு கொள்முதலுக்குக் கிளம்பினார்.